முத்துசாமியைத் தேடிப் போன தெரு

அமெரிக்க மோட்டல் அறைகளில் கட்டிலை ஒட்டிய இழுப்பறையைத் திறந்தால் இரண்டு புத்தகங்கள் கிடக்கும். ஒன்று பைபிள். மற்றது அந்த ஊர் டெலிபோன் டைரக்டரி. முதலாவதை என் கணவர் குமரேசன் எடுத்துக் கண்ணில் ஒற்றி ஓரமாக வைத்துவிடுவார். நாங்கள் பாராயணம் செய்தது இரண்டாவதைத்தான். ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கலாம். இங்கே இருப்பவர்கள் இந்த வரியிலேயே சிரித்திருப்பீர்கள். புது ஊருக்குப் போனால் பெட்டியைத் திறக்கும் முன்பே நம்மவர்கள் டைரக்டரியைத் திறப்பார்கள். முதலில் எஸ். ஒரு சுப்பிரமணியமோ சண்முகமோ அகப்படாமல் போகமாட்டார். இல்லையென்றால் ஆர், பிறகு வி. அகப்பட்டவருக்கு அப்போதே ஃபோன் போட்டு "சார், நீங்க தமிழா?" என்று கேட்டால் போதும், அன்றைக்குச் சாப்பாடு அவர் வீட்டில். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஃபாரம் நிரப்பும்போது கடைசிப் பெயர் என்ற கட்டத்தில் நாம் அப்பா பெயரை எழுதிவிடுகிறோம். அதனால் அமெரிக்க டைரக்டரிகளில் இருப்பவர்கள் எல்லாம் கரூரிலும் காரைக்குடியிலும் ஈஸி சேரில் படுத்துப் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் நம் அப்பாக்கள்தான்.

2001 மார்ச்சில் இந்தியானா மாநிலத்து ஃபோர்ட் வெய்ன் ஊரில், ஒரு மோட்டல் கட்டிலில் உட்கார்ந்து நாங்கள் அப்படித்தான் அப்பாக்களைத் தேடிக்கொண்டிருந்தோம். அதற்கு ஒரு மாதம் முன்னால் கலிஃபோர்னியாவில், மில்பிடாஸ் ஆபீஸிலிருந்து குமரேசன் அட்டைப் பெட்டியும் கையுமாக மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார். வேலை போனால் விசாவும் போகும் என்பதால், கிடைத்த முதல் வேலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டோம். அது இந்த ஊரில் கிடைத்தது. ஆனால் வேலை நடக்கும் இடம் இந்த ஊரில்லை. திங்கட்கிழமை காலையில் கிளம்பி மிஷிகன், ஒஹாயோ பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குப் போனால் வியாழன் சாயங்காலம்தான் திரும்புவார். எனக்கு அப்போது ஆறாவது மாதம். வாரத்தில் நான்கு நாள் நான் வயிற்றுப் பிள்ளையோடு தனியாக இருக்க வேண்டும். எந்தத் தெருவில், யார் பக்கத்தில் என்பதை முடிவு செய்யக் கம்பெனி எங்களுக்குக் கொடுத்தது இரண்டே நாள்.

அதுவரை நாங்கள் இருந்த ஃப்ரீமான்ட்டில், எங்கள் குடியிருப்பில் அம்மா ஸ்தானத்தில் இருந்த வசந்தா ஆன்ட்டி, ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும்போதும் ஒரே பாட்டுத்தான் பாடினார். "ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் சுமதி. பக்கத்துல ஒரு தமிழ் ஃபேமிலி இருக்கற இடமாப் பாத்துப் போ. அது ஒண்ணுதான் முக்கியம்." நானும் அதை மனதில் முடிந்துகொண்டு வந்தேன். கம்பெனி எங்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்ட கேத்தி என்ற பெண்ணை அமர்த்தியிருந்தது. சிரித்த முகம், பெரிய கார். முதல் அபார்ட்மென்ட்டிலேயே நான் கேட்டேன்: "இங்கே இந்தியர்கள் யாராவது இருக்கிறார்களா?" கேத்தியின் சிரிப்பு அப்படியே நின்றது. எந்த நாட்டுக்காரர் எங்கே குடியிருக்கிறார்கள் என்று நான் சொல்லக் கூடாது, சட்டம் அனுமதிக்காது என்றாள். அப்புறம் என் கையைத் தட்டிக்கொடுத்து, இது ரொம்பப் பாதுகாப்பான இடம், கவலைப்படாதே என்றாள். இந்தியர்கள் இருந்தால் எனக்கு ஆகாது என்று அவள் புரிந்துகொண்டிருக்கிறாள் என்பது எனக்கு மூன்றாவது அபார்ட்மென்ட்டில்தான் உறைத்தது. அதற்குள் பூங்கா, நீச்சல்குளம், புயல் வந்தால் ஒளிந்துகொள்ளும் பேஸ்மென்ட் என்று எல்லாவற்றையும் காட்டிவிட்டாள். மனிதர்களை மட்டும் காட்டவில்லை.

டைரக்டரியும் கைவிடத்தான் பார்த்தது. எஸ்ஸில் இருந்த இரண்டு பேரில் ஒருவர் வடக்கத்திக்காரர், மற்றவர் ஃபோனை எடுக்கவில்லை. எம்மில் ஒரே ஒரு வரி: முத்துசாமி கே. குமரேசன் குதித்தே விட்டார். "நம்ம பக்கத்துப் பேரு சுமதி! ஈரோடு, கோபி, மிஞ்சிப் போனா நாமக்கல்!" நம்பரைப் போட்டால், இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் சொன்னது. வேறு யாராக இருந்தாலும் அதோடு விட்டிருப்பார்கள். என் கணவர் விடுகிற ஆளில்லை. "ஃபோனை மாத்தியிருப்பார். அட்ரஸ் போட்டிருக்கே, டிரைவ் பண்ணிப் போய்ப் பாத்துட்டு வந்துடலாம்." ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வாடகைக் காரில் முத்துசாமியைத் தேடிக் கிளம்பினோம்.

பழைய தெரு. இலையில்லாத மரங்கள், சின்னச் சின்ன மர வீடுகள், ஓரமெல்லாம் அழுக்குப் பனி. முத்துசாமி வீட்டு வாசலில் செருப்பு இல்லை. பெல் அடித்தோம், பதில் இல்லை. திரை போடாத ஜன்னல் வழியாகப் பார்த்தால் உள்ளே சாமான் எதுவுமில்லை. பனியில் ஒரு போர்டு பாதி புதைந்து கிடந்தது, வாடகைக்கு என்று. காரில் ஏறித் தெருவை இரண்டு முறை மெதுவாகச் சுற்றினோம், வேறு வீட்டு வாசலிலாவது செருப்பு கிடக்கிறதா என்று. மனசு கேட்காமல் திரும்பவும் வந்து இறங்கி, நான் பின்பக்கம் போய்ச் சமையலறை ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். அடுப்புக்கு மேலே வெள்ளைச் சுவரில் மஞ்சள் மஞ்சளாகப் புள்ளிகள் தெரிந்தன. "ஏனுங்க, இங்க வாங்க! தாளிச்சிருக்காங்க!" என்று நான் கத்தியதும், தெருவில் போலீஸ் கார் வந்து நின்றதும் ஒரே நேரம். வீட்டைச் சுற்றிப் பனியில் எங்கள் இருவருடைய காலடித் தடமும் தெளிவாக இருந்தது.

போலீஸ்காரர் இளவயசுக்காரர், மரியாதையாகத்தான் பேசினார். லைசென்ஸை வாங்கிப் பார்த்துவிட்டு, "மிஸ்டர் பழனிசாமி?" என்றார். குமரேசன் பதற்றத்தில், "இல்லை, அது என் அப்பா" என்றார். அப்படியானால் இது உங்கள் லைசென்ஸ் இல்லையா என்றார் போலீஸ்காரர். என்னுடையதுதான், ஆனால் பழனிசாமி என் அப்பா, நான் குமரேசன் என்று இவர் விளக்கினார். சரி, இங்கே யாரைத் தேடுகிறீர்கள்? முத்துசாமியை. முத்துசாமி உங்களுக்குத் தெரிந்தவரா? தெரியாது. முத்துசாமி இந்த வீட்டில் இருக்கிறாரா? அவர் இந்தியாவில் இருப்பார், அவருடைய மகன்தான் இங்கே. மகன் பெயர் என்ன? "கே." கே என்றால்? என் கணவர் உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, "கார்த்திகேயனாக இருக்கலாம், கதிர்வேலாக இருக்கலாம், கந்தசாமி, குணசேகரன்..." என்று அடுக்கினார். போலீஸ்காரர் நான்கு பெயரையும் நோட்டில் எழுதிக்கொண்டார். ஒரே ஆளுக்கு நான்கு பெயர் என்றதும் அவர் முகம் மாறியது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. முன்பின் தெரியாத ஆளை, தமிழ் என்ற ஒரே காரணத்துக்காகத் தேடி வந்திருக்கிறோம் என்பதை எந்த மொழியில் சொன்னாலும் அன்றைக்குத் திருட்டுக்கதையாகத்தான் ஒலித்திருக்கும்.

அப்போது பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. எழுபது வயசு இருக்கும் ஓர் அம்மாள், நைட்கவுனுக்கு மேல் ஆண்பிள்ளைக் கோட்டும் ரப்பர் பூட்ஸுமாக வந்தார். "நான்தான் கூப்பிட்டேன்" என்றார் நேராக. மன்னிப்புக் கேட்கவில்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. நாங்கள் தேடியது கவிதாவையா என்று கேட்டார். கே என்பது கவிதா! முத்துசாமி மகன் இல்லை, மகள். அடுக்கிய நான்கு பெயரிலும் ஒரு பெண் பெயர்கூட இல்லையே என்று நான் குமரேசனைப் பார்த்தேன், அவர் ஆகாயத்தைப் பார்த்தார். கவிதா டாக்டருக்குப் படித்தவளாம். படிப்பு முடிந்து கிறிஸ்துமஸ் சமயத்தில் கலிஃபோர்னியாவுக்குக் குடிபோய்விட்டாளாம். நாங்கள் விட்டுவரும் இடத்துக்கு அவள் போயிருக்கிறாள். போலீஸ்காரர் நோட்டை மூடிவிட்டு, பனியில் பார்த்து நடக்கச் சொல்லிப் போனார். அந்த அம்மாள் என் வயிற்றைப் பார்த்தார். "எத்தனை மாதம்? பாத்ரூம் போக வேண்டுமா?" இரண்டு மணி நேரமாக எனக்கு வேறு நினைப்பே இல்லை. கேத்திக்குத் தோன்றாதது, கட்டிய கணவனுக்குத் தோன்றாதது, போலீஸைக் கூப்பிட்டவருக்குத் தோன்றியது. அவர் பெயர் டோரிஸ்.

மோட்டலுக்குத் திரும்பியதும் குமரேசன் கேத்திக்கு ஃபோன் போடப் போனார், நீச்சல்குளம் வைத்த அபார்ட்மென்ட்டையே எடுத்துக்கொள்ளலாம் என்று. நான் ரிசீவர் மேல் கையை வைத்தேன். "எனக்கு அந்தத் தெருதாங்க வேணும்." அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "திருடன்னு நெனச்சுப் போலீஸைக் கூப்பிட்ட பொம்பளைங்க அது. அவ பக்கத்துலயா? அதுவும் ஒரு தமிழ் ஆள்கூட இல்லாத தெருவுல?" அவருக்குப் பட்ட அவமானம் எனக்கும் பட்டதுதான். போலீஸ்காரர் முன்னால் நின்றபோது என் முகம் எப்படி எரிந்தது என்று எனக்குத்தான் தெரியும். நாங்கள் வெள்ளைக்காரர்களாக இருந்திருந்தால் கூப்பிட்டிருப்பாரா? பிற்பாடு ஒரு நாள் டோரிஸிடமே கேட்டேன். கேஸ் மீட்டர் பார்க்க வந்தவனைப் பார்த்தும்தான் போலீஸைக் கூப்பிட்டேன் என்றார். அது முழுப் பதில்தானா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆனால் அன்றைக்கு நான் நினைத்துக்கொண்டிருந்தது ஃப்ரீமான்ட்டை. அங்கே எங்கள் கட்டடத்தில் மட்டும் ஆறு தமிழ்க் குடும்பங்கள். சாயங்காலம் மாடிப்படியில் நின்றால் எந்த வீட்டில் வத்தக்குழம்பு, எந்த வீட்டில் கீரை என்று மூக்கே சொல்லும். ஒரு நாள் குப்பை போட வெளியே வந்தேன், கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. சாவி உள்ளே, செருப்புகூட இல்லை. படியில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நம்மவர்கள் ஐந்து பேர் என்னைத் தாண்டிப் போனார்கள். "என்ன சுமதி, காத்து வாங்கறீங்களா?" என்று கேட்டார் ஒருவர். நானும் சிரித்துக்கொண்டே ஆமாம் என்றேன். அவர்கள் மேல் தப்பில்லை, ஃப்ரீவே நெரிசலுக்கு முன்னால் கிளம்ப வேண்டிய அவசரம் அவர்களுக்கு. வாய்விட்டுச் சொல்லாத என் வீம்பும் ஒரு காரணம். ஆனாலும் வெறுங்காலோடு உட்கார்ந்திருக்கிறாளே என்று ஒருவர் கண்ணிலும் படவில்லை. இதைக் குமரேசனிடம் அதுவரை நான் சொன்னதில்லை. மோட்டலில்தான் சொன்னேன். "எனக்குத் தமிழ் பேசற ஆளு வேணும்தான். இல்லீன்னு சொல்லலீங்க. ஆனா இப்போ எட்டிப் பாக்கற ஆளுதாங்க வேணும்." அவர் ரிசீவரைத் திரும்ப எடுத்து, வாடகை போர்டில் இருந்த நம்பரைக் கேட்டார்.

ஏப்ரலில் குடிவந்தோம். எட்டிப் பார்க்கிற ஆள் கேட்டேன் அல்லவா, நன்றாகவே கிடைத்தார். டோரிஸின் சமையலறை ஜன்னலில் ஒரு பைனாகுலர் உண்டு. பறவை பார்க்க என்பார். உன் கணவர் காரில் இடது பின் டயரில் காற்றுக் குறைவு என்பார். நாளைக்குக் குப்பை நாள், மறந்துவிடாதே என்பார். நேற்று உன் சமையலறை விளக்கு மத்தியானம் முழுக்க எரிந்தது என்பார். சில நாள் எரிச்சலில் பின்கட்டுக் கதவைக்கூடச் சத்தமில்லாமல் திறப்பேன். மறுநாள் காலையில், நேற்றுப் பின்வாசல் வழியாகப் போனாயே, முன்கதவில் ஏதாவது கோளாறா என்று கேட்பார். ஃபோனில் வசந்தா ஆன்ட்டியிடம் இதையெல்லாம் சொல்லிச் சிரிப்பேன். ஃபோனை வைத்ததும் தமிழ் நின்றுபோன வீடு ஹோவென்று இருக்கும். புதன்கிழமைகளில் நான் எனக்கே கேட்கும்படி பேசிக்கொண்டு சமைத்தேன், குழந்தை காதிலும் விழட்டும் என்று.

ஜூனில், இன்னும் இரண்டு வாரத்தில் அம்மா ஈரோட்டிலிருந்து வந்து இறங்குவதாக இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டது. குமரேசன் டிட்ராய்ட் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இருந்தார். அங்கே ஃபோன் செய்து தகவல் சொல்லச் சொன்னேன். அதற்குப் பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் பாத்ரூம் தரையில் உட்கார்ந்து அழுதேன். ஏழு மணிக்கு நான் சமையலறைத் திரையை ஏற்றுவது வழக்கம். ஏழேகாலுக்கு டோரிஸ் வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார், ஏழு இருபதுக்கு, நான் அவரிடம் கொடுத்து வைத்திருந்த மாற்றுச் சாவியோடு உள்ளே வந்துவிட்டார். என்னைத் தூக்கி நிறுத்தி, துணி மாற்றிவிட்டு, தன் பழைய காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். குமரேசன் மத்தியானம் வந்து சேர்ந்தார், மகள் சாயங்காலம் பிறந்தாள். ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு முந்தைய நேரத்தை.

காலை பத்து மணி. வலி நெருங்கிக்கொண்டிருந்தது. அம்மாவிடம் பேச வேண்டும் என்றேன். டோரிஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இந்தியாவுக்குப் பேச நான் வைத்திருந்த காலிங் கார்டில் இருந்த அத்தனை நம்பரையும் பொறுமையாக அழுத்தினார். ஈரோட்டில் அப்போது ராத்திரிச் சாப்பாட்டு நேரம். அம்மா குரல் கேட்டதும், வலி வந்துவிட்டது என்று சொல்லி அழுதேன். "அழுகாத சாமி. மாப்ள வந்துட்டாரா?" வந்துகொண்டிருக்கிறார் என்றேன். "அப்பப் பக்கத்துல யாரு இருக்கறாங்க?" டோரிஸ் என்றேன். "அதாரு?" பக்கத்து வீட்டுக்காரங்க. "நம்ம ஆளா?" இல்லைம்மா என்றேன். "சரி, ஃபோன அவங்ககிட்டக் குடு."

அம்மாவுக்கு இங்கிலீஷில் ஒரு வார்த்தை தெரியாது. கொடுத்தேன். டோரிஸ் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு, கட்டிலோரம் நிமிர்ந்து உட்கார்ந்தார். அம்மாவின் குரல் எனக்கே கேட்டது. "ஏனுங்க, நாந்தானுங்க சுமதியோட அம்மா. புள்ள பயந்த சுபாவமுங்க. வலிக்குதுன்னு சொல்லமாட்டா, நீங்கதான் பாத்துக்கோணும். எந்திரிச்சுப் போயிராதீங்க." டோரிஸ் தலையை ஆட்டியபடி, "யெஸ் மேம். நாட் கோயிங் எனிவேர், மேம்" என்றார். அம்மா மேலும் பேசினார், இவரும் மேலும் யெஸ் மேம் சொன்னார். இரண்டு பேருக்கும் நடுவில் மொழிபெயர்க்க வேண்டியவள் நான்தான். ஆனால் இடுப்பிலிருந்து அடுத்த வலி கிளம்பிவிட்டது. "அம்மா!" என்று கத்தினேன். "என்ன சாமி?" என்று ரிசீவரிலிருந்தும், "ஐ'ம் ஹியர், ஹனி" என்று கட்டிலோரத்திலிருந்தும் ஒரே நேரத்தில் பதில் வந்தது.