ஏறாத சாயம்

சகோதரர்களே, இதைச் சொல்லவே எனக்குக் கூச்சம். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு காலை, சிறுநீர் சிவப்பாகப் போனது. வலி இல்லை. நான் தாராவியில் தோலுக்குச் சாயம் பூசுகிறவன். கை வழியாக உடம்புக்குள் போன சிவப்புச் சாயம்தான் வெளியேறுகிறது என்று நினைத்துக்கொண்டேன். வாரக்கணக்கில் யாரிடமும் சொல்லவில்லை. கடைசியில் லுங்கியில் கறையைப் பார்த்து என் மனைவி கேட்டாள்: “சாயத்தக் கையால பூசுதியளா, குடிக்கியளா?”

ஆஸ்பத்திரியில் கேமரா விட்டுப் பார்த்தார்கள். மூத்திரப்பையில் கட்டி. புற்றுநோய் என்றார்கள். கட்டியைச் சுரண்டி எடுத்த பிறகு சிறுநீர்க் குழாயோடும் பையோடும் வீட்டுக்கு வந்தேன். இந்த அசுத்தத்தோடு எப்படித் தொழுவது? தொழுகையை விட்டேன். யாரிடமும் கேட்கவும் வெட்கம். நோயைவிட அதுதான் என்னைச் சோர வைத்தது.

மனைவி பள்ளிவாசல் ஹஜ்ரத்தை வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டாள். அவர் சிரித்தார். “பாய், கொழா ஒங்களுக்குத்தான் புதுசு. படைச்ச ரப்புக்குப் புதுசா? ஒவ்வொரு வக்துத் தொழுகைக்கும் கைகால் மொகம் கழுவி ஒளு எடுத்துட்டு, உக்காந்து தொழுங்க.”

எடுத்த சதையில் ஒரு புரதத்தைத் தேடி, சாயம் போட்டுப் பார்ப்பதாக டாக்டர் சொல்லியிருந்தார். சாயம் அழுத்தமாக ஏறினால் நோய் முரடாக இருக்கலாம், சீக்கிரம் திரும்பலாம். முப்பது வருடமாகத் தோலைத் தொடும் முன் ‘யா அல்லாஹ், சாயம் நல்லா ஏறணும்’ என்று கேட்டவன் நான். அந்த இரண்டு வாரமும் கட்டிலில் உட்கார்ந்தபடி, ‘இந்த ஒரு சாயம் ஏற வேண்டாம்’ என்று கேட்டேன். வேறு துஆ வரவில்லை. அழக்கூடத் தெம்பில்லை.

ரிப்போர்ட் வந்தது. சாயம் லேசாகத்தான் ஏறியிருந்தது. மனைவி அங்கேயே அழுதாள். இதை மட்டும் நம்பிச் சும்மா இருக்கக் கூடாது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும் என்றார் டாக்டர். மூத்திரப்பைக்குள் மருந்தும் விட்டார்கள். எரிச்சலில் துவண்டுபோனேன்.

இன்றுவரை கட்டி திரும்பவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனாலும் ஒவ்வொரு சோதனைக்கு முந்தின ராத்திரியும் தூக்கம் வராமல் எழுந்து தொழுகிறேன். களைப்பும் முழுசாகப் போகவில்லை. சாயவேலையை விட்டுவிட்டு, பெல்ட்டுக்குக் கொக்கி மாட்டுகிறேன். ஐந்து வக்தும் பள்ளிவாசல் ஜமாஅத்தில் தொழுகிறேன்.

சிவப்பைக் கண்டும் பேசாமல் இருக்கிற சகோதரரே, வெட்கப்படாதீர்கள். இன்றே டாக்டரிடம் காட்டுங்கள். குழாயோடு இருந்தாலும் அல்லாஹ்விடம் கையேந்துங்கள். என் நகக்கண்ணில் இப்போது சிவப்பு இல்லை; ஏந்தும்போது கை எனக்கே புதுசாகத் தெரிகிறது. அவன் இந்தக் கையை வெறுமையாகத் திருப்பவில்லை. உங்கள் கையையும் அப்படித் திருப்ப மாட்டான்.