மதகுச் சுவரில் ஒட்டிய வரிசை

“…அஞ்சாவது பேர படிங்கண்ணே! நிலத்த வித்துட்டுத் திருப்பூர் போயி வாரம் ரெண்டாச்சு. அவன் பனியன் கம்பெனிக்கா தண்ணி விட்டீங்க?” என்று கேட்டுக்கொண்டே கடைமடைக்காரர் என் பிடரியைப் பிடித்து மதகுச் சுவரில் மோதினார். நானே ஒட்டிய காகிதத்தில்தான் என் மூக்கு உடைந்தது.

அடித்தவர் எனக்கு அந்நியர் இல்லை. சிங்கப்பூரில் பன்னிரண்டு வருஷம் வெல்டிங் வேலை பார்த்துவிட்டு வந்து, எங்கள் வாய்க்காலின் கடைசியில் ஒன்றரை ஏக்கர் வாங்கியவர். அந்த ஊர் லிஃப்டைப் பற்றி, “பொட்டிக்குள்ள போட்டு மேல இழுப்பான், ஆவி மட்டும் கீழயே நிக்கும்” என்பார். அந்தப் பேச்சுக்காகவே நான் அவருக்கு டீ வாங்கிக் கொடுப்பது வழக்கம்.

அந்த வருஷம் ஆற்றில் முறை வைத்துத்தான் தண்ணீர் விட்டார்கள். ஐந்து நாள் வரும், பத்து நாள் அடைப்பு. அந்த ஐந்து நாள் தண்ணீர் கடைசி ஆள்வரை எட்டாது. அதனால் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு: இந்த முறை தலைமடையிலிருந்து பாய்ச்சினால் அடுத்த முறை கடைமடையிலிருந்து. திருக்காட்டுப்பள்ளியில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த நான் போனில் வீடியோ பார்த்துப் பைத்தான் என்ற கணினி மொழியைக் கற்றிருந்தேன். வரிசை எழுதும் வேலை என்னிடம் வந்தது. நான் ஒட்டுகிற காகிதத்தைப் பார்த்துத்தான் தண்ணீர் கட்டும் ஆள் மடை திறப்பார்.

என்னிடம் ஒரு கெட்ட பழக்கம். பைத்தானை மூடவே மாட்டேன். லேப்டாப்பின் மூடியை மட்டும் சாத்துவேன். போன முறை ‘வரிசை’ என்று பெயரிட்டு ஏற்றிய பட்டியல் உள்ளேயே உயிரோடு கிடந்தது. இந்த முறை புதுப் பட்டியலைப் படிக்கச் சொன்னேன். அது இருந்த பென் டிரைவ் வீட்டில். திரையில் சிவப்பாக ஏதோ ஓடியது, நான் வாசிக்கவில்லை. ‘வரிசை’யை அச்சடி என்றேன், அடித்தது. பழையதை. அதே தலைமடை, அதே வரிசை.

தலைமடைக்காரர்களுக்கு இரட்டை யோகம், வாயே திறக்கவில்லை. நானும் கடையே கதியென்று கிடந்து வயல் பக்கம் போகவில்லை. கடைமடைக்காரரோ மகளைப் பிரசவத்துக்கு மயிலாடுதுறையில் சேர்த்துவிட்டு அங்கேயே இருந்தார். முதல் நாளே தன் வயல் நிறைந்திருக்கும் என்று நம்பி, ஐந்தாம் நாள் காலையில் வந்து பார்த்தால் கதிர் பால் பிடிக்கிற பயிருக்குக் கீழே விரல் நுழையும் வெடிப்பு.

நான் மதகுக்குப் போய்ச் சேருமுன்பே ஓர் எலும்பு முறிந்திருந்தது. மதகுப் பலகையை இறக்கித் தண்ணீரைத் தன் பக்கம் திருப்பப் போன கடைமடைக்காரரைத் தலைமடைக்காரர் ஒருவர் நெஞ்சில் உதைத்து வாய்க்காலில் தள்ள, இவர் எழுந்து மண்வெட்டிக் காம்பால் அவர் தோளில் வீசியிருக்கிறார். கரும்பை முழங்காலில் வைத்து ஒடித்த மாதிரி சத்தம் என்றார்கள். விழுந்தவர் கரையில் சுருண்டு கிடந்து, கையைத் தொட்ட பெண்டாட்டியையே காறித் துப்பினார். தண்ணீர் கலங்கலில் ரத்தம் தனியாகத் தெரிந்தது. அடுத்து என் மூக்கு.

நாலு பேர் அவரைப் பிரித்து இழுத்தார்கள். நான் மூக்கைத் துண்டால் அழுத்திக்கொண்டு, வண்டிப் பையிலிருந்த லேப்டாப்பைத் திறந்தேன். ‘வரிசை’ என்று தட்டினேன்; திருப்பூர் போனவர் ஐந்தாவதாக வந்து நின்றார்.

“போன முறையோடது. அழிக்காம விட்டுட்டேன். தப்பு என்னோடதுதான்.”

“அழிங்க பாப்போம்.”

‘டெல் வரிசை’ என்று தட்டினேன். மறுபடி ‘வரிசை’ என்றேன். சிவப்பு எழுத்து வந்தது. விசைப்பலகையில் என் ரத்தம் இரண்டு சொட்டு.

“என்னவாம்?”

“அப்புடி ஒண்ணு இல்லவே இல்லங்குது. அடுத்த முறை ஒங்களுக்குத்தான் மொத தண்ணி.”

“பத்து நாளு கழிச்சா? பால் புடிக்கிற கதிரு, பத்து நாளு பட்டினி கெடக்குமாண்ணே?”

வாய்க்காலில் தண்ணீர் அதற்குள் கணுக்காலுக்குக் கீழே இறங்கிவிட்டது. முறை முடிந்து, மேலே ஆற்றில் ஷட்டரை இறக்கிவிட்டார்கள்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்தார். அவர் வயலுக்கு நேர் மேலே இருப்பது என் வயல்; முந்தின நாள்தான் பாய்ந்து, வரப்பு விளிம்பு வரை தண்ணீர் நின்றது.

பிடித்திருந்தவர்களை உதறினார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு என் பயிருக்குள் இறங்கி, கதிர்களை மிதித்துக்கொண்டே நேராக நடந்துபோய், இரண்டு வயலுக்கும் நடுவிலிருந்த என் வரப்பை ஓங்கி வெட்டினார்.