ஆறாம் கட்டில் பச்சை

எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஏஐ வந்தபோது அதிகமாக முணுமுணுத்தவள் நான்தான். நோயாளியின் கையில் ஒரு பட்டையைக் கட்டிவிட்டால் போதுமாம். நாடி, மூச்சு, உடம்புச் சூடு எல்லாவற்றையும் அதுவே கணித்து, யாருக்கு ஆபத்து என்று நர்ஸ் மேசையிலிருக்கும் திரையில் காட்டும். பச்சை என்றால் பயமில்லை, சிவப்பு என்றால் ஓட வேண்டும். இருபது வருஷமாக நாடி பிடித்தவளுக்கு இது ஒரு கேடா என்று முறைத்தேன். ஒரே மாதத்தில் பழகிவிட்டது. கால் வலி குறைந்தால் யாருக்குக் கசக்கும்?

அன்று பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தில் பஸ்கள் மாட்டிக்கொண்டு பாதி நர்ஸ்கள் வந்து சேரவில்லை. ஆறாம் கட்டிலில் காலில் சீழ் பிடித்து, காய்ச்சலோடு ஒரு விவசாயி. துணைக்கு மனைவி. காலையில் முகம் கழுவ அவர் பட்டையைக் கழற்றியதும் வார்டே அதிர மணி அலறியது. இருந்த எரிச்சலில் அந்த அம்மாவிடம் கத்தினேன். "இன்னொரு வாட்டி சத்தம் வந்துச்சு, உங்கள வெளிய அனுப்பிடுவேன்."

பதினோரு மணிக்கு அந்தப் பக்கம் போனேன். அவர் போர்வைக்குள் சுருண்டிருந்தார். "ஒரு மாதிரியா கீது சிஸ்டர்," என்றார். அந்த முகம் எனக்குப் பிடிக்கவில்லை. நாடி பார்க்கக் குனிந்தேன். அதற்குள் வேறொரு கட்டிலுக்கு மணி அடித்தது. திரையைத் திரும்பிப் பார்த்தேன். ஆறு, பச்சை.

"ஒண்ணும் இல்லீங்க, தூங்குங்க," என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

மத்தியானம் மாத்திரை கொடுக்கப் போய்த் தொட்டால் உடம்பு ஜில்லென்று இருந்தது. டாக்டர் ஓடி வந்தார். மாற்றி மாற்றி நெஞ்சை அழுத்தினோம். பிரயோஜனம் இல்லை. திரையில் ஆறு அப்போதும் பச்சையாகவே இருந்தது.

அவர் கையில் பட்டை இல்லை. சுவரோரம் நின்றிருந்த மனைவி முந்தானைக்குள்ளிருந்து தன் கையை நீட்டினார். "பத்து மணிக்கே கை உறுத்துதுன்னாரு சிஸ்டர். சத்தம் போட்டா திட்டுவீங்கன்னு, கழட்டுன உடனே நான் கட்டிக்கினேன். தப்புங்களா?"

தப்பு யாருடையது என்று எனக்குத் தெரியும். போர்வையை அவர் கழுத்துவரை இழுத்துவிட்டேன். டாக்டர்தான் சொன்னார்: "போயிட்டாரும்மா."

அந்த அம்மா அப்படியே தரையில் சரிந்தார். அப்போதுதான் மணி அலறியது. திரை ஆறாம் கட்டிலைச் சிவப்பாக்கி, உடனே போய்ப் பார்க்கும்படி எனக்கு உத்தரவிட்டது.