பதினொரு சதுரக் காசுகள்

நாணயம் அடிக்கும் ஆலைக்குள் போனால் முதலில் தரைதான் நடுங்கும். சத்தம் அதற்குப் பிறகுதான் காதுக்கு எட்டும். தடித்த கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்கும் நம் பாதம் வழியே அந்த நடுக்கம் ஏறி, முழங்காலைத் தாண்டி, கடைசியில் பல்லில் வந்து உட்கார்ந்துகொள்ளும். போன மாதமும் வெளியூர் ஒன்றில், சட்டையில் பார்வையாளர் சீட்டை ஒட்டிக்கொண்டு, அப்படி ஒரு கண்ணாடிக்கு முன்னால் நின்றிருந்தேன். எந்த ஊருக்குப் போனாலும் மற்றவர்கள் கடலையும் கடைத்தெருவையும் பார்க்கப் போக, நான் மட்டும் அந்த ஊரில் காசு அடிக்கும் இடம் எங்கே என்று விசாரித்துக்கொண்டு திரிவேன். நாணயம் சேர்ப்பவளுக்கு அது ஆசை என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆசையெல்லாம் எப்போதோ அடங்கிவிட்டது. கால் வலிக்கிறது, ஆனாலும் போகிறேன்.

முதன்முதலில் அந்த நடுக்கம் என் காலில் ஏறியபோது எனக்குப் பத்து வயது. தோ பாயோவில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் ஏழாவது மாடியில் இருந்தோம், நானும் அம்மாவும். அப்பா கப்பல் பட்டறையில் சாயம் பூசுகிற வேலை பார்த்தவர். அதற்கு இரண்டு வருடம் முன்பே, நெஞ்சுவலி என்று சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அவர் வைத்துவிட்டுப் போனது ஒரு இருமல் மிட்டாய் டப்பா. அதற்குள் பதினொரு செப்புக் காசுகள், எல்லாம் வெள்ளைக்காரன் காலத்து ஒரு காசு நாணயம், முனை மழுங்கிய சதுரம், ஒரு பக்கம் ராஜாவின் தலை. கூட வேலை செய்தவர்களிடமும் பழைய மளிகைக் கடைகளிலும் கேட்டுக் கேட்டு வாங்கிச் சேர்த்தவை. கடுங்காப்பி நிறத்தில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பகலில் அவற்றை ஒரு கைக்குட்டையில் பரப்பி, தொடாமல் பார்த்துக்கொண்டே இருப்பார். நான் கை நீட்டினால், "நடுவுல கை வைக்காத, ஓரத்தப் பிடி" என்பார். அம்மாவோ அதை "அழுக்குப் பொட்டி" என்றுதான் சொல்வாள். "குப்பையக் கட்டிட்டு அழுற மனுசன்" என்று கேலி பேசினாலும், அந்த நேரத்தில் அவருக்குத் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து வைக்க அவள் தவறியதில்லை.

அப்பாவின் காரியத்துக்கு வந்த உறவுக்காரர் ஒருவர் அந்த டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி, "இவ்வளவுதான் அவன் சேத்து வச்சதா?" என்றார். யாரோ சிரிக்கவும் செய்தார்கள். அம்மா டப்பாவை வாங்கி மூடி, சாமி படத்துக்குக் கீழே வைத்தாள். அன்றிலிருந்து அது "அழுக்குப் பொட்டி" இல்லை, "அப்பா காசு". விவரம் தெரிந்த யாராவது ஒருவர், உன் வீட்டுக்காரர் சேர்த்தது குப்பையில்லை என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட மாட்டார்களா என்று அவள் காத்திருந்தாள். எனக்கும் அந்த ஏக்கம் இருந்தது.

அப்படிப்பட்ட நேரத்தில்தான் பள்ளிக்கூடத்தில் ஒரு தாள் கொடுத்தார்கள். தீவின் மேற்குப் பக்கத்தில், துவாஸுக்குப் போகிற வழியில், நாணயம் அடிக்கும் ஆலையைப் பார்க்க வகுப்போடு போகிறோம். வீட்டில் பழைய காசு வைத்திருப்பவர்கள் எடுத்துவரலாம், பார்த்துச் சொல்ல ஆள் இருப்பார். தாளை நான் படித்துச் சொன்னதும் அம்மாவின் முகத்தில் வந்த வெளிச்சத்தை இப்போது நினைத்தாலும் எனக்குச் சோர்வாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் அதற்கு அடுத்து நடந்தது எனக்குத் தெரியும்.

ஆலைக்குப் போவதற்கு முந்திய நாள், விளக்குத் தேய்க்கிற வெள்ளிக்கிழமை இல்லை. ஆனாலும் அம்மா குத்துவிளக்குத் தேய்க்கிற சாமான்களை எடுத்து வைத்தாள். சிராங்கூன் ரோட்டில் வாங்கிய பழைய புளி, உப்பு, தேங்காய் நார், விளக்குப் பொடி. "பெரிய இடத்துக்குப் போவுது. இப்படிக் கருகருன்னா கொண்டு போவ? நம்மளப் பத்தி என்ன நினைப்பாங்க?" என் தலைக்கு எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிவிடும் அதே கையால், அதே அக்கறையோடு, ஒவ்வொரு காசாக எடுத்துப் புளியில் புரட்டித் தேய்த்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீரில் அலசித் துணியால் துடைத்தேன். கடுங்காப்பி நிறம் வழிந்து போய், உள்ளிருந்து புதுச் செம்பு சிரித்தது. பதினொன்றும் புதுப்பெண் போல ஜொலித்தன. "இப்ப சொல்லட்டும்" என்றாள் அம்மா.

ஆலையில் எல்லாரும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றோம். ஒரு பக்கம் எழுத்தும் எண்ணும் இல்லாத வெறும் வில்லைகள் கொட்டிக்கொண்டே இருந்தன; எந்திரம் ஒரே அடி அடித்ததும் அவை காசாகி மறுபக்கம் ஓடின. ஒரு கண்சிமிட்டலுக்குள் முகம் வந்துவிடுகிறது என்பது எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது. ஆனால் என் கவனமெல்லாம் பையிலிருந்த டப்பாவில்தான்.

கடைசிக் கூடத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தவர் தமிழ்க்காரர், நரைத்த மீசை, கண்ணில் பொருத்திக்கொள்ளும் சிறிய பூதக்கண்ணாடி. டப்பாவைத் திறந்தவுடனேயே அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"யாரும்மா இதக் கழுவினது?"

"நான்தான், அங்கிள்" என்றேன். அம்மாவைக் காட்டிக்கொடுக்க வாய் வரவில்லை.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஒரு காசை ஓரத்தில் பிடித்துத் தூக்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது ரொம்பக் கிடைக்காதும்மா. யாரோ பாத்துப் பாத்துச் சேத்திருக்காங்க. அந்தக் கறுப்பு அழுக்கு இல்ல, அதுதான் அதோட வயசு. தேச்சிட்டா போச்சு லா. இனிமே வராது" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "பரவால்ல, இனிமே எதையும் தேய்க்காத. அப்படியே வை" என்று மூடிக் கொடுத்தார்.

அம்மா எங்கள் குடியிருப்பு புளோக்கின் அடியிலேயே காத்திருந்தாள். வேலைக்குப் போன சேலையைக்கூட மாற்றவில்லை. பேருந்திலிருந்து நான் இறங்குவதற்குள், "என்ன சொன்னாங்கடி?" என்றாள். பேருந்தில் வரும்போதே என்ன சொல்வது என்று நூறு தடவை ஒத்திகை பார்த்திருந்தேன். அவர் சொன்னதில் பாதி உண்மையைச் சொன்னால் அம்மா பூரித்துப்போவாள், மீதியைச் சொன்னால் நொறுங்கிப்போவாள். நான் முதல் பாதியைச் சொன்னேன். பாத்துப் பாத்துச் சேத்திருக்காங்கன்னு சொன்னாங்கம்மா, ரொம்பக் கிடைக்காதாம். அதோடு நிறுத்தியிருக்கலாம். பத்து வயதுக் கொழுப்பு, அவளை இன்னும் கொஞ்சம் சந்தோஷப்படுத்த நினைத்து, "எவ்வளவு சுத்தமா வச்சிருக்கீங்கன்னு ஆச்சரியப்பட்டாங்க" என்றும் சேர்த்துவிட்டேன். அம்மா அழுதாள். அழுதுகொண்டே மின்தூக்கியில் ஏறினாள்.

வினை அந்த ஒரு வரியில்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் கடைசி வெள்ளிக்கிழமை விளக்கோடு சேர்த்து அப்பா காசையும் தேய்த்தாள். "விளக்கும் காசும் மங்கினா வீடு மங்கிடும்" என்பாள். நான் பள்ளி முடித்தேன், வேலைக்குப் போனேன், சம்பளத்தில் நாணயம் வாங்கத் தொடங்கினேன், பருத்திக் கையுறை இல்லாமல் எதையும் தொடக்கூடாது என்று மற்றவர்களுக்குப் பாடம் எடுக்கிற அளவுக்குப் பெரிய மனுஷியானேன். வீட்டில் என் அம்மா தேங்காய் நாரால் ராஜாவின் காதைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இந்த வெள்ளி சொல்லிவிடலாம், அடுத்த வெள்ளி சொல்லிவிடலாம் என்று தள்ளிப் போட்டேன். பொய் பழசாகப் பழசாக அதைத் திருத்துவதற்கான தெம்பும் குறைந்துகொண்டே போகும் என்பதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. இரண்டு முறை டப்பாவை ஒளித்து வைத்தேன். இரண்டு முறையும், திருட்டுப் போய்விட்டதென்று அவள் பட்ட பாட்டைப் பார்க்க முடியாமல் நானே "கண்டுபிடித்து"க் கொடுத்தேன்.

இப்போது இந்த ஊரில் யார் காசைத் தொடுகிறார்கள்? கோப்பிக் கடையில் கைப்பேசியைக் காட்டினால் போதும். ஒரு காசு நாணயம் புழக்கத்திலிருந்து போயே போய்விட்டது. சிராங்கூன் ரோட்டு மளிகைக் கடையில்கூடச் சில்லறை நீட்டினால் கடைப்பையன் நம்மைப் பாவமாகப் பார்க்கிறான். நான் தேடிப் போய்ப் பார்க்கும் ஆலைகள்கூடப் பாதி நேரம் நினைவுப் பரிசுக்குத்தான் அடிக்கின்றன.

வெளியூரிலிருந்து நான் திரும்பி வந்தது மாதக் கடைசி வெள்ளி. அம்மாவுக்கு விரல்கள் மடங்குவதில்லை. போன வருடம் குளியலறையில் விழுந்ததிலிருந்து நாற்காலிதான். புளியை ஊறவைத்துக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தாள். "என்னால முடியலடி. நீ தேச்சுக் குடு" என்றாள். நான் பெட்டியைக்கூட உள்ளே வைக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தேன். பதினொன்றும் பளபளவென்று இருந்தன. எதிலும் எழுத்து இல்லை, எண் இல்லை. இரண்டில் மட்டும் ஒரு மூக்கின் நிழல் போல ஏதோ தெரிந்தது. மற்றவையெல்லாம் வெறும் வில்லை.

அம்மா ஒன்றை வாங்கிக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள்.

"இதுல ஒரு தலை இருக்கும்ல?"

"இருந்துச்சும்மா."

"எங்க போச்சு?"

இதைவிட நல்ல நேரம் இனி வராது என்று தெரிந்தது. நாக்கு நுனிவரை வந்தது. முப்பத்தைந்து வருடத்துக் களைப்பு அதைத் திரும்ப உள்ளே தள்ளியது. "பழசாச்சுல்லம்மா, தேயத்தான் செய்யும்" என்றேன்.

அவள் நம்பிவிட்டாள். ஆனால் காசைத் திருப்பித் தரவில்லை. உள்ளங்கையில் வைத்து வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நான் போனதும் உங்கப்பா கேப்பாருடி. பத்திரமா வச்சிருந்தியான்னு கேட்டா என்ன சொல்றது?" என்றாள்.

"பத்திரமா வச்சிருந்தேன்னு சொல்லும்மா."

"சொல்லலாம்ல?"

"சொல்லலாம்" என்றேன். அவள் காசை என் கையில் கொடுத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து, நான் சரியாகத் தேய்க்கிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். பதினொன்றையும் தேய்த்து முடித்தேன்.