பாட்டு நிற்கும் இடம்

மஞ்சளும் வேப்பிலையும் ஊறிய தண்ணீரின் வாசம் மூக்கில் பட்டால் போதும், எங்கள் வாவிக்கரை அம்மன் கோயிலும், வைகாசிக் "குளிர்த்தி"ச் சடங்கும், அந்தத் தண்ணீரில் தலை நனைந்து உட்கார்ந்திருந்த அம்மாவின் முகமும் எனக்கு ஒன்றாக வந்துவிடும்.

போர்க்காலத்தில் ஆமி ஊரைச் சுற்றிவளைத்த "ரவுண்டப்" ஒன்றில், வலை எடுக்கப் போன அப்பாவைத் தோணியிலிருந்தே பிடித்துக்கொண்டு போனார்கள். முகாம் முகாமாக அலைந்தோம். அப்படி ஒருவரைப் பிடிக்கவே இல்லை என்று கையை விரித்தார்கள். அதன் பிறகு அம்மா அழவில்லை. அழ விடவில்லை என்பதுதான் சரி. ஒருநாள் அவள் ஒப்பாரி தொடங்கியதும் பெரியம்மா ஓடிவந்து வாயைப் பொத்தினார்.

"உசிரோட இரிக்கிறவனுக்கு ஆராகிலும் ஒப்பாரி வைப்பாங்களா?"

நல்லதுக்குத்தான் சொன்னார், ஆனாலும் எனக்கு இன்றும் ஆத்திரம் ஆறவில்லை. பொத்திய வாயை அம்மா சோற்றுக்கும் திறக்கவில்லை. எலும்பும் தோலுமாகச் சுருண்டு கிடந்தவளைப் பார்த்து, இவளும் போய்விட்டால் நான் எங்கே போவேன் என்று நடுங்கிக்கொண்டே திரிந்தேன்.

வைகாசி வந்தது. எங்கள் அம்மனும் புருஷனை அநியாயமாகப் பறிகொடுத்தவள். அவள் கொதிப்பை ஆற்றத்தான் வருஷாவருஷம் அவள் கதையைப் பாடி, மஞ்சள் வேப்பிலைத் தண்ணீர் தெளித்துக் குளிர்த்தி செய்கிறோம். உடுக்கடித்துப் பாடுகிற சீனித்தம்பி மாமா, அம்மன் புருஷனைத் தேடிப் புலம்பும் இடத்தில் பாட்டை நிறுத்திவிடுவார். பெண்கள் அழுவார்கள். கடைசிப் பெண்ணும் அழுது ஓய்ந்த பிறகுதான் அடுத்த அடி. அதுதான் எங்கள் ஊர் வழக்கம். அங்கே அழுகிறவள் அம்மனுக்காக அழுகிறாள், யாரும் வாயைப் பொத்த முடியாது.

அந்த வருஷம் அங்கேதான் அம்மா வெடித்து அழுதாள். மற்றப் பெண்கள் ஓய்ந்தும் அவள் ஓயவில்லை. இரவில் செய்கிற குளிர்த்தியை ஊரடங்குக்குப் பயந்து பகலிலேயே வைத்திருந்தோம். அதற்குள்ளும் பொழுது சாய்ந்துவிட்டது. கோயிலுக்குப் பொறுப்பான வண்ணக்கர் பதறினார்.

"கெதியாப் பாடு சீனித்தம்பி! ஆமிக்காரன் வந்தா ஒருத்தரும் வீடு போய்ச் சேரமாட்டம்."

மாமா உடுக்கை மடியில் வைத்துக்கொண்டார். "அவள் முடிக்கட்டும்."

எல்லோருக்கும் பயம்தான், ஆனால் ஒருவரும் எழும்பவில்லை. அன்று வீட்டுக்கு வந்து அம்மா தானாகச் சோறு கேட்டாள். அதற்குப் பிறகு வைகாசிக்கு வைகாசி அந்த இடத்தில் அழுவாள், மிச்ச நாளெல்லாம் உலை வைப்பாள், என்னை வளர்ப்பாள். அவளை உயிரோடு வைத்திருந்த மருந்து அதுதான்.

போர் முடிந்துவிட்டது. அப்பா வரவில்லை. மாமாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது பட்டணத்தில் பதிந்து வந்த பாட்டை ஒலிபெருக்கியில் போடுகிறார்கள். நல்ல குரல்தான், ஆனால் எங்கும் நிற்பதில்லை. இந்த வைகாசியில் அந்த இடம் வந்ததும் அம்மா முந்தானையை முகத்துக்குக் கொண்டுபோனாள். பாட்டோ அடுத்த அடிக்குப் போய்விட்டது. நான் ஓடிப்போய் வயரைப் பிடுங்கினேன். "கறண்ட் போயிற்று" என்று யாரோ கத்த, அம்மாவுக்கு முதல் விம்மல் வருமுன் மறுபடி மாட்டிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து சோறு போட்டுக் கொடுத்தேன். அம்மா சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

"நான் இன்னும் முடிக்கல்லயே புள்ள."