தாக் அளவுகோலின் தலைகீழ்க் கேள்விகள்

தென்கொரியாவில் தேகு நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் தகவல் முறைமைகள் சொல்லிக்கொடுக்கும் பியோ மிசோனுக்கு, பேராசிரியர் தாக் கிஹ்வானின் பெயரைக் கேட்டாலே எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். வெளியில் காட்டமாட்டாள். வருஷப் பிறப்புக்கு அவர் வீட்டுக்குப் பேரிக்காய்ப் பெட்டி அனுப்ப மறந்ததே இல்லை.

அவரிடம் ஆய்வு மாணவியாக இருந்த காலத்தில், இணையத்தில் பஸ் டிக்கெட் எடுக்கத் திணறுகிற வயசாளிகளின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் விரல் எங்கே தயங்குகிறது என்று பார்த்துப் பார்த்து ஒரு கேள்வித்தொகுப்பு செய்தாள். ஓர் இணையப் பக்கம் பயன்படுத்த எளிதா இல்லையா என்று அளக்கும் கருவி. எல்லாவற்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து மதிப்பெண் போடுகிறவர்களைப் பிடிக்க, பாதிக் கேள்விகளைத் தலைகீழாக வைத்தாள். ‘இந்தப் பக்கத்தில் எனக்கு வழி தெரியவில்லை’ என்பதற்கு ஐந்து போட்டால், கூட்டும்போது அந்த ஐந்தை ஒன்று என்று திருப்ப வேண்டும்.

தாக் அதைத் தன் பெயரில் மட்டும் வெளியிட்டார். கடைசிப் பக்கத்தில், தாள்களை நகலெடுத்துத் தந்ததற்காக அவளுக்கு நன்றி. அது ‘தாக் அளவுகோல்’ ஆகி உலகமெல்லாம் போனது. பின்னால் அவள் பதவி உயர்வு கேட்டபோது துறைத்தலைவர் கையை விரித்தார். “உங்க வேலை எல்லாமே தாக் சாரோட அளவுகோலை வச்சுத்தானே இருக்கு? சொந்தமா என்ன பண்ணியிருக்கீங்க?”

அன்றிரவு முள்ளங்கி அரிந்தவள் விரலையும் சேர்த்து அரிந்துகொண்டாள்.

அதற்கப்புறம் தாக் அந்த அளவுகோலை வைத்துத் தானாகவே ஓர் ஆய்வு செய்தார். வயதானவர்களுக்கு நெரிசலான இணையப் பக்கங்கள்தான் பிடிக்கும் என்று முடிவு. பத்திரிகைகள் கொண்டாடின. மிசோன் படித்தாள், அவர் பெருமையாக இணையத்தில் போட்டிருந்த மூல விடைகளையும் இறக்கிப் பார்த்தாள். மனுஷர் தலைகீழ்க் கேள்விகளைத் திருப்பவே இல்லை. ‘வழி தெரியவில்லை’ என்று கதறியவர்களை எல்லாம் மகிழ்ந்தவர்கள் கணக்கில் சேர்த்திருந்தார்.

மிசோன் வாயைத் திறக்கவில்லை. ஆய்விதழுக்கு அனுப்பினால் மதிப்பிடப்போவது அவருடைய மாணவர்கள்தான். உள்ளுக்குள்ளேயே அமுக்கிவிடுவார்கள்.

போன வருஷம் தாக் ஓய்வுபெறும் நேரம் வந்தது. வழக்கப்படி மாணவர்கள் ஆளுக்கொரு கட்டுரை எழுதி, பட்டு அட்டை போட்ட தொகுதியாக்கி மேடையில் சமர்ப்பிக்க வேண்டும். தொகுப்பு வேலை தோங்யுல் தலையில். மிசோனுக்கு ஜூனியர் அவன். குடல்கறி சுட்டுத் தரும் கடையில் சோஜு சாராயத்தை ஊற்றிக்கொண்டே புலம்பினான்.

“அக்கா, நீங்களும் ஏதாவது குடுத்துடுங்க. பழசைத் தட்டிக் கொட்டிக் குடுத்தாலும் சரி. எவன் படிக்கப்போறான்?”

“நீகூடப் படிக்கமாட்டியாடா?”

“தலைப்பைப் பார்ப்பேன், பக்கத்தை எண்ணுவேன். அவ்வளவுதான்.”

“அப்ப நல்லதா ஒண்ணு எழுதித் தரேன்” என்று அவன் தட்டில் ஒரு துண்டை எடுத்து வைத்தாள்.

தலைப்பு: ‘தாக் அளவுகோல்: நன்றியுடன் ஒரு மறுகணக்கு’. தோங்யுல் தலைப்பைப் பார்த்து உருகிப்போனான்.

விழா அன்று ஹோட்டல் அரங்கு முழுக்க ரிப்பன் கட்டிய ஆர்க்கிட் தொட்டிகள். தொகுதியை வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்த தாக், தன் பெயர் தலைப்பிலேயே இருந்த கட்டுரையைத்தான் முதலில் திறந்தார். அதே மேஜையில் துறைத்தலைவரும் தோங்யுலும் இருந்தார்கள். எதிரே மிசோன்.

ஒரு பக்கம் புரட்டினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

“என்னம்மா இது?”

“உங்க விடைகள்தான் சார். திருப்ப வேண்டியதைத் திருப்பிக் கூட்டியிருக்கேன்.”

“தோங்யுல்! இந்தப் புத்தகம் வெளியில போயிடுச்சா?”

“எல்லா நூலகத்துக்கும் போயாச்சு சார்” என்றான் அவன் சந்தோஷமாக. “வெளிநாட்டுல உங்களை மேற்கோள் காட்டினவங்களுக்கும் அனுப்பிட்டேன். முகவரியெல்லாம் அக்காதான் தேடிக் குடுத்தாங்க.”

தாக்கின் காது சிவந்தது. “திருப்பணும்னு நீ எங்கிட்டச் சொல்லவே இல்லையே! கேள்வி எல்லாம் நீதானே எழுதினே? எனக்கு எப்படித் தெரியும்?”

துறைத்தலைவரின் கையில் சாப்ஸ்டிக் அப்படியே நின்றது.

“நான் நகல்தானே சார் எடுத்துக் குடுத்தேன்” என்றாள் மிசோன். “நீங்களே அச்சுல போட்டிருக்கீங்க.”

மேடையில் தாக்கைப் பேச அழைத்தார்கள். அவர் எழுந்திருக்க நேரமானது. மிசோன்தான் முதலில் கைதட்டினாள், பலமாக.

துறைத்தலைவர் அந்த வாரமே போன் செய்து, பதவி உயர்வுக்கு மறுபடி விண்ணப்பிக்கலாமே என்று இழுத்தார். “அவசரமில்லை சார், நீங்க தாக் சாரோட அந்தப் பழைய அளவுகோல் கட்டுரையை முதல்ல கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சு முடிங்க” என்று வைத்துவிட்டாள். விண்ணப்பத்தை மறுநாள்தான் கொடுத்தாள்.

தாக்கை மற்றவர்கள் மேற்கோள் காட்டும் எண்ணிக்கை குறையவில்லை. முன்னைவிட வேகமாக ஏறுகிறது. புள்ளிவிவரம் சொல்லிக்கொடுக்கிறவர்கள் எல்லோரும், செய்யக்கூடாததற்கு அவரைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள். மேஜையில் அவர் வாய்விட்டதும் பரவிவிட்டதால், அவர் பெயருக்குப் பக்கத்திலேயே அளவுகோலைச் செய்தவள் என்று பியோ மிசோன் பெயர். எண்ணிக்கை ஏற ஏற, அதைக் காட்டும் இணையப் பக்கத்தை அச்செடுத்து அவருக்கு அனுப்புகிறாள். பேரிக்காய்ப் பெட்டிக்குள், பழங்களுக்கு மேலே வைத்து.