ஹோல்புரூக் மழையில் லாச்சி மூடிய கதை

வியாழன், காலை 6.20, டூங்கபி.

எங்கள் வீட்டு வாசலிலிருந்து மெல்பேர்னில் வெரிபீ வரைக்கும் ஏறத்தாழ எண்ணூற்று எழுபது கிலோமீற்றர். விமானத்தில் போனால் ஒன்றரை மணித்தியாலம். நாங்கள் காருக்குப் பின்னால் கரவன் வண்டியை இழுத்துக்கொண்டு இரண்டு நாளில் போகிறோம். காரணம் பதினாலு பிஸ்கட் தகரங்கள்.

என் மனைவி வசந்தியின் தங்கை மகளுக்கு வெரிபீயில் சனிக்கிழமை கல்யாணம். வெள்ளி பின்னேரம் மாப்பிள்ளை வீட்டுக்குப் பலகாரத் தட்டுகள் போகவேண்டும். அந்தப் பலகாரத்தைச் சுடும் பொறுப்பு வசந்திக்கு. ஒரு கிழமை லீவு எடுத்து, மூன்று தோழிகளைச் சேர்த்து, எங்கள் குசினியிலும் கராஜிலும் அடுப்பு மூட்டி, அறுநூறு பயித்தம்பணியாரம், சீனி அரியதரம், முறுக்கு என்று சுட்டுத் தள்ளிவிட்டாள். விமானத்தில் ஏற்றினால் முறுக்கு மாவாகத்தான் இறங்கும். அதோடு வெரிபீ வீட்டில் ஏற்கனவே பத்தொன்பது பேர், படுக்க இடமில்லை. கரவன் என்றால் பலகாரத்துக்கும் வீடு, எங்களுக்கும் வீடு.

கரவன் என்னுடையதல்ல. கிரவீனில் இருக்கும் வசந்தியின் அண்ணா நந்தனுடையது. வாங்கி மூன்று வருடம், பார்த்தால் நேற்று வாங்கியது போலிருக்கும். அதன் வலதுபக்கச் சுவரில் ஒரு பகுதி, பொத்தானை அழுத்தினால், மேசையின் இழுப்பு லாச்சி போல வெளியே நீளும். ஸ்லைட்-அவுட் என்பார்கள். கட்டில் அந்த லாச்சிக்குள்தான் இருக்கிறது. ஓடும்போது லாச்சி உள்ளே, நிறுத்தினால் வெளியே. கட்டிலுக்குக் கீழே ஒரு பெட்டி. அதற்குள் பதினாலு தகரங்களும் கச்சிதமாக உட்கார்ந்துகொண்டன.

"எல்லாம் சொல்லிப்போட்டன்," என்றார் நந்தன், திறப்புக் கொத்தைத் தர மனமில்லாமல் தந்தபடி. "ஒண்டே ஒண்டு மச்சான். மழைக்கை கொண்டுபோகாதை."

வானம் பளிங்கு போலிருந்தது. "மழையாவது, மச்சான்!" என்றேன். இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லவேண்டும்: அலுவலகத்தில் ஆபத்து மதிப்பீட்டு அறிக்கை எழுதுவதுதான் என் தொழில்.

பிற்பகல் 2.45, ஹோல்புரூக்.

ஹியூம் நெடுஞ்சாலையில் தொண்ணூறுக்கு மேல் ஓட்டவில்லை. ஒவ்வொரு பாரவண்டி முந்தும்போதும் கரவன் ஒரு ஆட்டம் ஆடியது. அதைவிட நான் கூடுதலாக ஆடினேன். யாஸில் பெற்றோல், குண்டகாயில் தேத்தண்ணி, பிறகு இந்தச் சின்ன ஊர். ஊர் நடுவே, புல்தரையில், ஒரு நீர்மூழ்கிக் கப்பல் நிற்கிறது. கடல் எங்கே, இந்த ஊர் எங்கே! "தண்ணியே இல்லாத இடத்திலை இதுக்கென்ன வேலை?" என்று கேட்டுவிட்டு நானே சிரித்தேன். வசந்தி சிரிக்கவில்லை. அவள் வானத்தின் மேற்குப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கரவன் பார்க்கில் மின்சாரத்தோடு ஒரு இரவுக்கு நாற்பத்தெட்டு டொலர். பொத்தானை அழுத்தினேன். லாச்சி "ர்ர்ர்" என்று வெளியே வந்தது. எனக்குப் பிள்ளை பிறந்தபோதுகூட இவ்வளவு சந்தோசப் புளுகம் வரவில்லை. இரண்டு தரம் உள்ளே தள்ளி, இரண்டு தரம் வெளியே எடுத்தேன். மூன்றாம் தரம் வசந்தி பொத்தான் இருந்த ரிமோட்டைப் பறித்துவிட்டாள். அந்த ரிமோட்டும் ஒரு பொலித்தீன் உறைக்குள் இருந்தது. நந்தன் வீட்டில் சோஃபாவுக்கே பிளாஸ்டிக் கழற்றவில்லை என்பதால் நான் அதைக் கவனிக்கவில்லை.

வெள்ளி, காலை 6.10.

எழும்பியதும் கேட்டது மழை. தூறல் அல்ல. கூரையில் யாரோ மூட்டை மூட்டையாக அரிசி கொட்டுவது போன்ற மழை. ஒன்பது மணிக்காவது கிளம்பினால்தான் நாலு மணிக்குள் வெரிபீ.

"அப்ப லாச்சியை மூடுங்கோ," என்றாள் வசந்தி.

பொத்தானை அழுத்தினேன். லாச்சி ஒரு சாண் உள்ளே வந்தது. கூடவே, லாச்சியின் கூரையில் தேங்கியிருந்த தண்ணீரும் உள்ளே வந்து, விளிம்பால் வழிந்து, கட்டிலின் கால்மாட்டில் "சொளக்" என்று விழுந்தது. மெத்தைக்குக் கீழே பெட்டி. பெட்டிக்குள் அறுநூறு.

"நிப்பாட்டுங்கோ! நிப்பாட்டுங்கோப்பா!"

நிப்பாட்டினேன். திரும்ப வெளியே விட்டேன். தகரங்களைக் காருக்கு மாற்றலாமென்றால், காருக்குள் மணவறைக்குரிய இலேசான வெள்ளை நுரை ரெஜிபோம் தூண்கள் எட்டு, கூரைவரை. நாலு தகரத்தை எப்படியோ திணித்தோம். பத்து மிச்சம். லாச்சி மூடினால் கரவனுக்குள் ஒருவர் ஒடுங்கி நிற்கத்தான் இடமிருக்கும், தகரம் எங்கே வைப்பது?

போனில் ஒரு விளக்க வீடியோ பார்த்தேன். மழையில் லாச்சி மூடுவது எப்படி என்று ஒருவர் அழகாகச் சொன்னார். அவருக்குப் பின்னால் சுட்டெரிக்கும் வெயில்.

காலை 6.50.

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. காருக்குள் ஒரு நீலத் தரப்பாள் இருந்தது. கரவனோடு வந்த மடக்கேணியில் ஏறி, லாச்சியின் கூரைமேல் தரப்பாளை விரித்து, நாலு மூலையையும் கயிற்றால் இழுத்துக் கட்டினேன். வசந்தி ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னப்பா செய்யிறியள்?"

"லாச்சிக்குப் பந்தல் போடுறன்."

"மழை பெய்யத் துவங்கினாப் பிறகு பந்தல் போட்டவையை நான் காணேல்லை."

பத்து நிமிடத்தில் தரப்பாளின் நடுவே ஒரு பெரிய வண்டி வயிறு விழுந்துவிட்டது, என்னுடையதைப் போலவே. நிச்சயம் நாலு வாளித் தண்ணீர். தும்புத்தடியால் அடியிலிருந்து ஒரு குத்துக் குத்தினேன். நாலு வாளியும் ஒரு முடிவுக்கு வந்து, என் தலைமேல் இறங்கின.

பக்கத்துக் கரவனின் மறைப்புக்குக் கீழே ஒரு பெண்மணி கோப்பையோடு நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். பெயர் டெபி என்று பிறகு தெரிந்தது. ஐம்பது வயதிருக்கும். அவருடைய ஆங்கிலத்தை என் தமிழில் எழுதுகிறேன்.

"குளிச்சு முடிஞ்சுதா, டார்லிங்?"

"சவர்க்காரம் மட்டும்தான் குறை," என்றேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, கோப்பையை வைத்துவிட்டு, மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு வந்தார். "முதலில் அந்த நீலக் கோவணத்தை அவிழ்த்து எறி. கரவனைத் தாங்கும் மூலைக் கால்களைத் தளர்த்து. முன்பக்கச் சின்னச் சில்லின் கைப்பிடியைச் சுற்றி, வண்டியின் மூக்கைக் கொஞ்சம் கீழே இறக்கு. தண்ணீர் தானாக ஒரு மூலைக்கு ஓடிவிடும்." தன் கரவனிலிருந்து நீளப்பிடி போட்ட ரப்பர் துடைப்பம் ஒன்றையும் கொண்டுவந்தார், கண்ணாடி வழிப்பார்களே, அது.

மூக்கை இறக்கினேன். கூரைத் தண்ணீர் முன்மூலையால் ஓடைபோல விழுந்தது! எனக்கு வந்த சந்தோசத்தில் டெபியின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அடுத்து ஏணியில் நின்று துடைப்பத்தால் வழித்தேன். யூக்கலிப்ரஸ் இலைகள், ஒரு சுள்ளி, மேலும் தண்ணீர். வழித்து முடிக்கும் முன்னே மழை அடுத்த ஈட்டைப் போட்டுவிடும். ஆனாலும் குளம் குறைந்து வெறும் ஈரமாகிவிட்டது. மூக்கை மறுபடி நிமிர்த்தினோம்.

"இனி மூடு. மிச்சத்தை ரப்பர் பார்த்துக்கொள்ளும்," என்றார் டெபி.

"எந்த ரப்பர்?"

"லாச்சிக்கு மேலே, சுவர் ஓரமாக ஒரு ரப்பர் உதடு இருக்கும். கூரை உள்ளே போகும்போது அதுதான் தண்ணீரை வழித்து வெளியே தள்ளும். காரின் வைப்பர் மாதிரி."

வசந்தி உள்ளே துவாய்களோடு நின்று பொத்தானை அழுத்தினாள். லாச்சி நகர்ந்தது. உள்ளேயிருந்து குரல்: "வருது! தண்ணி வருது! நிப்பாட்டுறன்!"

டெபி முகத்தைச் சுளித்தார். "அப்படி வரக்கூடாதே."

காலை 7.55.

ஏணியில் உச்சிப்படி வரை ஏறி, மூக்கு முட்டும் தூரத்தில் அந்த ரப்பரைப் பார்த்தேன். ரப்பர் நல்ல ரப்பர்தான். ஆனால் அசையவில்லை. விரலால் தடவினேன். வழுவழுவென்றிருந்தது. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, இரண்டு மீற்றருக்கு மேல், அகலமான கண்ணாடி ரேப் ஒட்டியிருந்தது. ரப்பரைச் சுவரோடு சேர்த்து, ஒரு சுருக்கமில்லாமல், அவ்வளவு நேர்த்தியாக.

"வசந்தி! ரப்பருக்கு ரேப் ஒட்டிக் கிடக்கு!"

ஜன்னல் திறந்தது. அவள் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "அது அண்ணான்ரை வேலை."

போன் எடுத்தேன். நந்தன் உடனே எடுத்தார்.

"மச்சான், அந்த ரப்பரிலை..."

"உரிச்சுப்போட்டியோ?"

"இன்னும் இல்லை."

"உரிக்காதை! வெயிலுக்கு ரப்பர் வெடிச்சுப்போகுமெண்டு ஒட்டினது. மூண்டு வருசமாப் புதுசு மாதிரி வச்சிருக்கிறன்."

"அது தண்ணி துடைக்கிறதுக்கு வச்சது மச்சான். இஞ்சை மழை."

"மழைக்கை கொண்டுபோகாதை எண்டு சொன்னனான் தானே!"

"நீங்கள் மழைக்கை மூடினதே இல்லையோ? எங்கையெங்கை கொண்டு போனனீங்கள்?"

மெல்லிய குரலில், "எங்கடை வீட்டு டிரைவ்வேயிலைதான் நிண்டது," என்றார்.

வசந்தி ஜன்னலால் கையை நீட்டிப் போனை வாங்கினாள். "அண்ணா, பலகாரத்திலை ஒரு சொட்டுத் தண்ணி பட்டாலும் சம்மந்தி வீட்டை நீதான் போய்ச் சொல்லோணும். என்ன, போறியோ?"

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. "சரி. மெல்லமா உரிக்கச் சொல்லு. கிழிக்க வேண்டாம். திரும்ப ஒட்டலாம்."

மழையில், ஏணியில், நகத்தால் ஒரு முனையைக் கிளப்பி, ரேப்பை இழுத்தேன். "சர்ர்ர்" என்று இரண்டு மீற்றரும் ஒரே துண்டாக வந்தது. ரப்பர் உதடு துள்ளிக்கொண்டு வெளியே நிமிர்ந்தது. மூன்று வருடச் சிறைவாசம் முடிந்த மகிழ்ச்சி அதற்கு.

"இப்ப அழுத்து!"

லாச்சி உள்ளே போனது. ரப்பர் வளைந்து கூரையை அழுத்தி வழித்தது. ஒரு நீர்த்திரை அப்படியே வெளியே சரிந்து என் கழுத்துக்குள்ளால் இறங்கி, முதுகு வழியாகச் சப்பாத்து வரை போனது. நான் அசையவில்லை. உள்ளேயிருந்து வரும் செய்திக்காகக் காத்து நின்றேன்.

"வசந்தி?"

லாச்சியின் சுவரைத் தட்டினேன்.

"வசந்தி! என்னெண்டு சொல்லன்!"

"காஞ்சு கிடக்கு!" என்று ஒரு கூச்சல். "சொட்டும் இல்லையப்பா! காஞ்சு கிடக்கு!"

நான் ஏணியில் நின்றபடி கை இரண்டையும் தூக்கினேன். ஏணியில் நிற்கும்போது செய்யக்கூடாது என்று நானே அறிக்கையில் எழுதிய காரியம் அது. டெபி ஏணியைப் பிடித்துக்கொண்டு கைதட்ட முடியாமல் விசிலடித்தார். நாங்கள் ஒரு பை நிறைய முறுக்குக் கொடுத்தோம். அவர் ஒன்றைக் கடித்துவிட்டு, "இதற்காகத்தானா இவ்வளவும்?" என்று கேட்டு, இன்னொன்றை எடுத்தார். "இதற்காகச் செய்யலாம்தான்."

காலை 9.20 முதல் பிற்பகல் வரை.

அல்பரி தாண்டி விக்ரோறியாவுக்குள் நுழைந்தோம். ஆனால் என் பயம் அடங்கவில்லை. முதல் ஒரு சாணில் விழுந்த தண்ணீர் மெத்தைக்குள் எவ்வளவு போயிருக்கும்? வங்கரட்டாவில் ஓய்விடத்தில் நிறுத்தி, கதவைத் திறந்து, கையை நுழைத்து மெத்தையைத் தடவினேன். ஈரமா, குளிரா என்று புரியவில்லை. அடுத்த ஓய்விடத்திலும் நிறுத்தினேன். யுரோவாவில் வசந்தி சொன்னாள்: "காய்ச்சல்காரப் பிள்ளையைத் தொட்டுத் தொட்டுப் பாக்கிற மாதிரிப் பாக்கிறியள். வெயில் வந்திட்டுது. திறந்து காயவிடுங்கோ."

உண்மைதான், யுரோவாவில் நல்ல வெயில். பாரவண்டிகள் நிற்கும் இடத்தில் ஒரு ஓரமாக நிறுத்தி, லாச்சியை முழுதாக வெளியே விட்டு, மெத்தையை நிமிர்த்தி வைத்தோம். பெட்டியின் மூடியில் ஒரு உள்ளங்கை அளவு ஈரம். அதற்கு நேர் கீழே இருந்த தகரத்தை வசந்தி எடுத்தாள். மூடி இறுக்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவள் திறக்கவில்லை. "அங்கை போய்ப் பாப்பம்," என்று மடியில் வைத்துக்கொண்டு காருக்குள் ஏறினாள். மிச்சம் இருநூறு கிலோமீற்றரும் அந்தத் தகரம் அவள் மடியைவிட்டு இறங்கவில்லை.

பிற்பகல் 3.35, வெரிபீ.

புதுக் குடியிருப்பு. எல்லா வீடும் ஒரே மாதிரி. வாழை கட்டிய வீடு என்று தேடிப் பிடித்தோம். பத்தொன்பது பேரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் தாயார் தட்டுகள் எடுத்துப்போக நேரத்தோடேயே வந்து கதிரையில் இருந்தார். நாங்கள் மணமகள் வீட்டார், அவர் சம்மந்தி. வேறு விளக்கம் வேண்டியதில்லை.

வசந்தி மடியிலிருந்த அதே தகரத்தை அவர் முன்னே வைத்து மூடியைத் திறந்தாள். வேறு தகரம் திறந்திருக்கலாம், பதின்மூன்று இருந்தன. சம்மந்தி அம்மா குனிந்து ஒரு முறுக்கை எடுத்தார். நான் சுவரோரம், இன்னும் ஈரம் காயாத சப்பாத்தோடு நின்றேன்.

இரண்டு விரலால் நொறுக்கினார்.

"டக்!"

கூடம் முழுக்கக் கேட்டது. "நல்ல மொறுமொறுப்பு," என்று சொல்லி இன்னொரு துண்டை வாயில் போட்டார்.

டூங்கபியில் இந்தச் சத்தத்தைக் கிழமைக்கு நாலு தரம் கேட்கிறேன். செய்தி பார்க்க முடியவில்லை, மெல்லமாய்ச் சாப்பிடு என்று வசந்தியைக் கண்டித்தும் இருக்கிறேன். ஹியூம் நெடுஞ்சாலை முழுவதையும் தாண்டி வந்து கேட்டபோது, யாராவது ஒரு கதிரை தாருங்கள் என்று கேட்கவேண்டியிருந்தது. கதிரையைக் கொண்டுவந்து வைத்தவள் வசந்தி. வைத்துவிட்டு, நிறைந்த கூடத்தில் எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்: "இவர்தான் மழைக்கை நிண்டு கொண்டுவந்து சேத்தவர்."